கதிர்மருந்து செய்யும் இரசாயனவியலாளரின் தொழில்: கொக்குவிலில் இருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

கொக்குவிலில் வசிக்கும் ஒரு தந்தை தம் மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் இரண்டு முறை தோற்றியிருக்கிறாள். மருத்துவபீடத்துக்கு வேண்டிய இசெட் புள்ளி சிறிதளவால் தவறிவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞானபீடத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ஸ்கான் எடுப்பதற்கான கதிர்மருந்துகளை உருவாக்கும் இரசாயனவியலாளராக வரவேண்டும் என்று அவள் உறுதியாக நிற்கிறாள். அந்த வேலையில் உண்மையில் என்ன செய்வார்கள், கதிர்வீச்சால் அவளுடைய உடலுக்கும் பின்னாளில் பிள்ளைப்பேற்றுக்கும் தீங்கு வராதா, மூன்றாம் முறை பரீட்சை எழுதுவதை விட்டு இந்த வழியில் அனுப்புவது சரியா, படித்து முடித்தபின் ஊரோடு வந்து இருக்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் திருநெல்வேலியில் அதே பீடத்தில் இரசாயனவியல் படித்து, வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் முடித்து, 27 வருடங்கள் கதிர்மருந்து ஆய்வுகூடங்களில் வேலை செய்து, இப்போது கோப்பாயில் இருக்கிறேன். ஆகவே அறிந்த அளவில் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பெயரைப் பற்றிய ஒரு தெளிவு. கதிர்மருந்து என்றதும் பலருடைய மனம் "கதிர்" என்ற சொல்லிலேயே நின்றுவிடுகிறது. வேலையின் பெரும்பகுதி இரசாயனம். ஒரு கதிர்மருந்தில் இரண்டு பகுதிகள் உண்டு: உடலில் எங்கே போகவேண்டும் என்பதை அறிந்த ஒரு மூலக்கூறு, அதில் பிணைக்கப்பட்ட கதிர்த்தொழிற்பாடுள்ள ஓர் அணு. மூலக்கூறு எலும்பையோ இதயத் தசையையோ புற்றுக் கலத்தையோ தேடிச் செல்கிறது. அணு அங்கிருந்து ஒரு கதிரை வெளியே அனுப்பி, "இங்கே இருக்கிறேன்" என்று கருவிக்குக் காட்டிக்கொடுக்கிறது. எலும்பு ஸ்கானுக்கு ஒருவருக்கு ஏற்றப்படும் வழமையான அளவான 740 மெகா பெக்கரலில் (பெக்கரல் என்பது கதிர்த்தொழிற்பாட்டை அளக்கும் அலகு) இருக்கும் தெக்கினீசியம்-99எம் ஏறத்தாழ 4 நானோகிராம் மட்டுமே. அதாவது ஒரு கிராமை நூறு கோடி பங்காக்கினால் அதில் நான்கு பங்கு. உடலின் தொழிற்பாட்டை மாற்றும் ஆற்றல் இந்த அளவுக்கு இல்லை, இருக்கவும் கூடாது. உடல் தன் வழமையான வேலையைச் செய்துகொண்டிருக்க, அதைக் குழப்பாமல் பார்ப்பதுதான் நோக்கம். இந்தச் சுவடு முறையைத் தொடக்கிவைத்த ஜோர்ஜ் டி ஹெவெசி, 1923 இல் தாவரங்கள் ஈயத்தை எப்படி உறிஞ்சுகின்றன என்பதைக் கதிர்த்தொழிற்பாடுள்ள ஈயச் சமதானி ஒன்றைக்கொண்டு தொடர்ந்து பார்த்தார். 1943 ஆம் ஆண்டுக்கான இரசாயனவியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பௌதிகவியலுக்கான பரிசு அல்ல, இரசாயனவியலுக்கான பரிசு என்பதை உங்கள் மகள் கவனிக்கவேண்டும்.

இந்த இரசாயனத்தை மற்றைய இரசாயனத்திலிருந்து பிரிப்பது நேரம். நாம் செய்யும் பொருள் செய்யும்போதே குறைந்துகொண்டிருக்கும். தெக்கினீசியம்-99எம்மின் அரைவாழ்வுக்காலம், அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், 6 மணித்தியாலம்; புளோரீன்-18 க்கு 110 நிமிடம்; காபன்-11 க்கு 20 நிமிடம். இரவு பஸ்ஸில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரும் நேரத்தை ஏழரை மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையில் ஏற்றிய தெக்கினீசியத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானது யாழ் நகரத்தில் இறங்கும். புளோரீன்-18 இல் நூற்றுக்கு ஆறு பங்கு இறங்கும். காபன்-11 இல் பத்து இலட்சத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. மற்ற மருந்துகள் நோயாளியைத் தேடி வரும். இந்த மருந்துகளில் பலவற்றைத் தேடி நோயாளிதான் போகவேண்டியிருக்கிறது. மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வந்த குடும்பங்கள் எங்கள் ஊரில் பல இருப்பதால் இதை நான் மேலும் விளக்கத் தேவையில்லை. ஆகவே எந்த மூலக்கூறில் எந்த அணுவை வைப்பது என்று தீர்மானிக்கும் இரசாயனவியலாளர், அந்த மருந்து எந்தத் தூரம்வரை பயன்படும், யாருக்குப் பயன்படும் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறார்.

தெக்கினீசியத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். 1937 இல் அமெரிக்காவின் பேர்க்லியிலிருந்த சைக்கிளோத்திரனில் (அணுத் துணிக்கைகளை வேகமாக்கி மோதவிடும் இயந்திரம்) கதிர்பட்ட ஒரு மொலிப்தினத் தகடு இத்தாலியின் பலேர்மோவுக்கு அனுப்பப்பட்டது. அதிலிருந்து கார்லோ பெரியேர், எமிலியோ செக்ரே ஆகிய இருவரும் இந்த மூலகத்தைப் பிரித்துக் காட்டினார்கள். மனிதர் செயற்கையாக உண்டாக்கிய முதல் மூலகம் அது. இருபது வருடங்களுக்கு மேல் அதற்கு மருத்துவத்தில் இடம் இருக்கவில்லை. 1950களின் இறுதியில் அமெரிக்காவின் புறூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தில் வோல்ட்டர் டக்கர், மார்கரெட் கிறீன் ஆகியோர் ஓர் எளிய அமைப்பை உருவாக்கினார்கள். 66 மணித்தியால அரைவாழ்வுடைய மொலிப்தினம்-99 ஐ அலுமினா நிரப்பிய ஒரு சிறிய குழாயில் பிடித்துவைத்தால், அது சிதைந்து தெக்கினீசியம்-99எம் ஆகிக்கொண்டே இருக்கும். சேலைனை உள்ளே விட்டால் மொலிப்தினம் அலுமினாவில் ஒட்டியபடி நிற்க, தெக்கினீசியம் மட்டும் கரைந்து வெளியே வரும். ஏறத்தாழ 23 மணித்தியாலத்தில் அது மீண்டும் உச்சத்துக்குச் சேர்ந்துவிடும். ஆகையால் ஆய்வுகூடங்களில் இந்த அமைப்பைப் பசு என்றும், காலையில் அதிலிருந்து எடுப்பதைக் கறத்தல் என்றும் சொல்வார்கள். ஆறு மணித்தியாலத்தில் பாதியாகும் ஒரு பொருளை, சைக்கிளோத்திரனும் அணு உலையும் இல்லாத ஊர்களின் வைத்தியசாலைகளில் ஒரு வாரம் முழுவதும் வைத்திருக்க வழி செய்தது இந்தச் சிறிய குழாய்தான். அதன் காமாக் கதிரின் சக்தி 140 கிலோ இலத்திரன்வோற்று. உடலைக் கடந்து வெளியே வரவும், கருவியில் தெளிவாகப் பதியவும் அது பொருத்தமாக அமைந்துவிட்டது.

கறந்ததும் கிடைப்பது பேர்தெக்கினேற்று, அதாவது ஒட்சிசனோடு சேர்ந்த தெக்கினீசியம். அதை அப்படியே ஏற்றினால் தைரொயிட்டுச் சுரப்பிக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கும் இரைப்பைக்கும் போகும். எலும்புக்குப் போகவேண்டுமானால் அதைத் தாழ்த்தி, எலும்பைத் தேடும் பொசுபோனேற்று மூலக்கூறு ஒன்றுடன் பிணைக்கவேண்டும். தாழ்த்தும் வேலையைச் செய்வது வெள்ளீயத்தின் ஒரு குளோரைட்டு. மூலக்கூறும் வெள்ளீயமும் உறையவைத்து உலர்த்திய பொடியாக, நைதரசன் நிரப்பிய சிறு போத்தலில் ஆயத்தமாக வரும். பார்ப்பதற்கு இது போத்தலில் ஊற்றிக் கலக்கும் வேலைதான். ஆனால் ஊசியால் குத்தும்போது கவனமில்லாமல் வளி உள்ளே போய்விட்டால் வெள்ளீயம் ஒட்சியேற்றப்பட்டுவிடும். பேர்தெக்கினேற்றின் ஒரு பகுதி தாழ்த்தப்படாமல் தங்கிவிடும். எலும்பு ஸ்கானில் கழுத்தில் தைரொயிட்டும் வயிற்றில் இரைப்பையும் ஒளிரும். வைத்தியர் நோயைத் தேடிக்கொண்டிருக்க, படத்தில் தெரிவது நம்முடைய கவனக்குறைவாக இருக்கும்.

அதனால்தான் ஒவ்வொரு போத்தலும் சோதிக்கப்படுகிறது. ஒரு கீற்றுத் தாளில் ஒரு துளியை வைத்து அசற்றோனில் நிறுத்தினால், பிணையாத பேர்தெக்கினேற்று மேலே ஓடிவிடும். பிணைந்தது அடியிலேயே நிற்கும். பாடசாலையில் மையைப் பிரித்துப் பார்க்கும் அதே நிறப்பதிவியல்தான் இது. கறந்ததில் மொலிப்தினம் கசிந்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்: ஒரு மெகா பெக்கரல் தெக்கினீசியத்துக்கு 0.15 கிலோ பெக்கரலுக்கு மேல் மொலிப்தினம் இருந்தால் அந்தக் கறப்பு ஒருவருக்கும் போகக்கூடாது.

இனி, கலங்களின் தொழிற்பாட்டைப் படமாகக் காட்டும் பெற் (PET) ஸ்கானுக்கான மருந்துக்கு வருகிறேன். உங்கள் மகள் உயர்தரத்தில் படித்த ஒரு பாடம் இங்கே அப்படியே நிற்கிறது. புற்றுக் கலங்கள் பலவும் குளுக்கோசை மிகுதியாக எடுத்துக்கொள்ளும். குளுக்கோசின் இரண்டாம் காபனில் இருக்கும் ஐதரொட்சைல் கூட்டத்துக்குப் பதிலாகப் புளோரீன்-18 ஐ வைத்தால், கலம் அதைக் குளுக்கோசு என்று எண்ணி உள்ளே எடுத்து, முதல் நொதியத்தால் அதில் ஒரு பொசுபேற்றுக் கூட்டத்தையும் ஏற்றிவிடும். அடுத்த படிக்கு அந்த இரண்டாம் காபனின் ஐதரொட்சைல் தேவை. அது இல்லாததால் மூலக்கூறு முன்னேயும் போகமுடியாமல், வெளியேயும் வரமுடியாமல் கலத்துக்குள்ளேயே அகப்பட்டுவிடும். எஃப்டிஜி என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த மருந்து 1976 ஓகஸ்ட் மாதத்தில் முதல் முறையாக மனிதருக்கு ஏற்றப்பட்டது. புறூக்ஹேவனில் தத்சுவோ இடோ, ஜோவானா ஃபௌலர், அல்பிரெட் வுல்ஃப் ஆகியோரின் குழு அதைச் செய்து பிலடெல்பியாவுக்கு அனுப்பியது. ஜோவானா ஃபௌலருக்குப் பின்னாளில் அமெரிக்காவின் தேசிய விஞ்ஞானப் பதக்கம் கிடைத்தது. அவருடைய வேலையைப் பற்றித் தேடிப் படிக்கும்படி மகளிடம் சொல்லுங்கள்.

ஆரம்ப முறையில் கிடைத்த அளவு மிகக் குறைவு. 1986 இல் ஜேர்மனியின் யூலிச் நகரில் ஹமாகர், கோனென், ஷ்டோக்லின் ஆகிய மூவரும் அதை மாற்றினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது கருநாட்டப் பிரதியீடு. இரண்டாம் காபனில் மட்டும் குளுக்கோசிலிருந்து வேறுபடும் வெல்லம் மன்னோசு. அந்த இடத்தில் எளிதில் விலகும் ஒரு கூட்டத்தை வைத்துவிட்டுப் பின்புறத்திலிருந்து புளோரைட்டை வரச்செய்தால், அமைப்பு நேர்மாறலடைந்து குளுக்கோசின் வடிவம் கிடைக்கும். ஆனால் சைக்கிளோத்திரனிலிருந்து புளோரைட்டு வருவது நீரில். நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த புளோரைட்டு சோம்பலானது, தாக்கம்புரிய வராது. ஆகவே நீரை முழுவதுமாக வெளியேற்றவேண்டும். கூட இருக்கும் பொற்றாசிய அயனை ஒரு கூடுபோன்ற மூலக்கூறுக்குள் அடைத்துவிட்டால் புளோரைட்டு தனித்து நின்று வேகமாகத் தாக்கும். அந்தக் கூட்டுக்குக் கிரிப்டோஃபிக்ஸ் என்று பெயர். அது நச்சுத்தன்மை உள்ளது. முடிவில் ஒரு மில்லிலீற்றருக்கு 50 மைக்கிரோகிராமுக்கு மேல் மிஞ்சியிருக்கக்கூடாது. ஈய அறைக்குள் ஓர் இயந்திரம் இவை அனைத்தையும் அரை மணித்தியாலத்துக்குள் செய்து முடிக்கிறது. அந்த அரை மணித்தியாலத்துக்குள்ளேயே நூற்றுக்கு 17 பங்கு தேய்ந்துபோயிருக்கும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த ஒரு தாக்கம், விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு நோயாளிக்காக நடப்பதைப் பார்க்கும் நாளில் அவளுக்கு ஏற்படும் மகிழ்ச்சியை நான் அறிவேன். எனக்கு அது கடைசி வருடம் வரையில் குறையவில்லை.

விடியற்காலை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எட்டு மணிக்கு முதல் நோயாளி படுக்கையில் இருக்கவேண்டுமானால் சைக்கிளோத்திரன் இரண்டு அல்லது மூன்று மணிக்கே ஓடத் தொடங்கவேண்டும். மருந்து முடிந்ததும் நிறம், அமிலத்தன்மை, தூய்மை, அரைவாழ்வு, கிருமிநச்சு, வடிகட்டியின் முழுமை என்று ஒவ்வொன்றாகச் சோதனை நடக்கும். ஒரு சோதனையின் விடையை மட்டும் எவராலும் காத்திருந்து பார்க்கமுடியாது. கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு 14 நாள் வேண்டும். அந்த மருந்தோ அன்று மாலைக்குள் இல்லாமல் போய்விடும். ஆகவே ஏற்றிய பிறகே அந்த விடை வரும். அதுவரை நோயாளிக்கும் தீங்குக்கும் நடுவில் நிற்பது 0.22 மைக்கிரோமீற்றர் துளையுள்ள ஒரு வடிகட்டியும், "இதை அனுப்பலாம்" என்று கையெழுத்திடும் ஒருவருடைய நேர்மையும்.

நான் வேலை செய்த ஒரு நிலையத்தில் ஒரு நாள் எட்டுப் பேர் முதல்நாள் இரவிலிருந்து உண்ணாமல் வந்து காத்திருந்தார்கள். அவர்களில் ஒரு வயதான அம்மா நான்கு மணித்தியாலப் பயணம் செய்து வந்திருந்தார். மருந்து தெளிவாக இருந்தது, தூய்மையும் மிக நன்றாக இருந்தது. ஆனால் வடிகட்டியின் முழுமைச் சோதனை தவறியது. திரும்பச் செய்தேன், மீண்டும் தவறியது. முதல்நாள் மாலை அந்த வடிகட்டியைப் பொருத்தியவன் நான். அவசரத்தில் இணைப்பைச் சரியாக இருத்தவில்லை. மருந்தை அனுப்பிவிடலாமே, பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்று மேலிடத்திலிருந்து ஒருவர் சொன்னார். பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பது உண்மைதான். ஆனாலும் நான் கையெழுத்திடவில்லை. அந்தத் தொகுதி முழுவதும் ஈய அறைக்குள்ளேயே தேய்ந்தது. இரண்டாவது தொகுதி ஆயத்தமானபோது மதியமாகிவிட்டது. மூன்று பேருக்கு மட்டுமே அன்று ஸ்கான் எடுக்கமுடிந்தது. அந்த அம்மாவை மூவரில் ஒருவராகச் சேர்த்தார்கள், மற்ற ஐந்து பேரும் திரும்பிப் போனார்கள். அவர்களிடம் நானே போய்ச் சொன்னேன். உங்கள் மகளிடம் இந்தத் தொழிலுக்கான இயல்பு இருக்கிறதா என்று பார்க்க விரும்பினால், பரீட்சைப் புள்ளியைவிட இதைப் பாருங்கள்: தான் செய்த ஒன்று பிழை என்று அறிந்தால், எவரும் கேட்பதற்கு முன்னரே அதைச் சொல்லும் பழக்கம் அவளிடம் இருக்கிறதா?

இதுவரை சொன்னது, இருக்கும் மருந்தை நாள்தோறும் செய்யும் வேலை. புதிய மருந்தை உருவாக்குவது வேறு வேகத்தில் நடக்கும். ஓர் எண்ணம் நோயாளியை அடையப் பத்து வருடங்கள் செல்வது புதுமையல்ல. பெரும்பாலான மூலக்கூறுகள் விலங்குகளில் சோதிக்கும் கட்டத்திலேயே நின்றுவிடும். இதய இரத்தவோட்டத்தைக் காட்டும் செஸ்ராமிபியை எடுத்துக்கொள்ளுங்கள். மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் அலன் டேவிசன், ஹார்வர்டின் அலுன் ஜோன்ஸ் ஆகிய இருவரும் தெக்கினீசியத்தைச் சுற்றி ஆறு ஐசோநைத்திரைல் மூலக்கூறுகள் சூழும் நேரேற்றமுள்ள சிக்கற் சேர்வைகளை ஆராய்ந்தார்கள். ஆரம்பத்தில் செய்த ஒன்று இதயத்துக்குப் போனது. ஆனால் நுரையீரலிலும் ஈரலிலும் அளவுக்கு மிஞ்சி ஒட்டிக்கொண்டு படத்தைக் கெடுத்தது. நடுவிலிருக்கும் உலோகத்தை மாற்றாமல், வெளியே நீட்டிநிற்கும் வாலை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். வாலின் நுனியில் ஓர் ஈதர்க் கூட்டம் வந்தபோது அது இதயத் தசையில் தங்கி, மற்ற இடங்களிலிருந்து விலகியது. 1990 இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. நெஞ்சுவலி வந்தவருக்கு எந்தப் பக்கத் தசைக்கு இரத்தம் போதவில்லை என்று காட்டும் படங்களுக்கு அடியில் இருப்பது இந்த வால் மாற்றும் பொறுமை.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு, மறதிநோயுள்ள மூளையில் படியும் அமிலோயிட்டு என்ற புரதத்தைக் காட்டும் மருந்து. இறந்தவர்களின் மூளைத் துண்டில் அந்தப் படிவை நிறமூட்டிக் காட்டும் தயோஃபிளேவின் என்ற சாயம் முன்பே இருந்தது. ஆனால் அதற்கு நேரேற்றம் இருப்பதால் உயிருள்ள மூளைக்குள் இரத்தத்திலிருந்து நுழையாது. பிற்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்தில் மனநல வைத்தியரான வில்லியம் கிளங்க், கதிர் இரசாயனவியலாளரான செஸ்டர் மத்திஸ் ஆகிய இருவரும் அந்த ஏற்றத்தை நீக்கி, காபன்-11 ஐப் பிணைத்தார்கள். 2002 இல் சுவீடனின் உப்சாலாவில் அது முதன்முறையாக ஒரு நோயாளிக்கு ஏற்றப்பட்டது. அதுவரை மரணத்துக்குப் பின்னரே நேரே பார்க்கக்கூடியதாக இருந்த ஒன்றை, உயிரோடிருப்பவரில் பார்க்கமுடிந்தது. ஆனால் காபன்-11 இன் 20 நிமிடம், சைக்கிளோத்திரன் இருக்கும் கட்டடத்துக்கு வெளியே அதைப் போகவிடவில்லை. ஆகவே அதே வேலையைச் செய்யும் புளோரீன்-18 மூலக்கூறுகளை வேறு குழுக்கள் தேடின. அவற்றில் ஒன்றுக்கு 2012 இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. மருத்துவக் கேள்வி ஒன்றுதான். அரைவாழ்வுக்காலம் மாறியதும் அது வேறு நகரங்களுக்கும் போகத் தொடங்கியது.

அடுத்தது, நீங்கள் அஞ்சும் விடயம். அச்சம் நியாயமானது, அதை நான் சிறிதாக்கப் போவதில்லை. கதிரோடு வேலை செய்பவருக்குச் சர்வதேசப் பரிந்துரையின்படி ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவேட் (உடல் பெறும் கதிரின் அளவைச் சொல்லும் அலகு) எல்லை. நாம் எல்லோரும் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் உணவிலிருந்தும் பெறும் இயற்கைக் கதிர் உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவேட். ஒழுங்கான ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்பவருடைய அளவு அந்த எல்லைக்கு மிகக் கீழே நிற்கவேண்டும், என்னுடையது நின்றது. நெஞ்சில் ஓர் அளவியும் விரலில் ஒரு மோதிர அளவியும் எப்போதும் இருக்கும், மாதந்தோறும் கணக்கு வரும். உண்மையில் கவனிக்கவேண்டியது விரல்களை. சிரிஞ்சை விரலால் பிடிப்பதற்கும் பத்து மடங்கு தள்ளி இடுக்கியால் பிடிப்பதற்கும் நூறு மடங்கு வித்தியாசம் உண்டு. தெக்கினீசியத்தின் கதிரைப் பாதியாக்க 0.3 மில்லிமீற்றர் ஈயம் போதும். பெற் மருந்தின் 511 கிலோ இலத்திரன்வோற்றுக் கதிருக்கு ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் வேண்டும். பெற் ஆய்வுகூடத்தின் சுவர்கள் அவ்வளவு தடிப்பாக இருப்பது இதனால்தான்.

பிள்ளைப்பேற்றைப் பற்றியும் நேரடியாகச் சொல்கிறேன். கருவுற்றிருப்பதை ஒரு பெண் அறிவித்த பின்னர், மீதிக் காலம் முழுவதற்கும் கருவுக்கான அளவு 1 மில்லிசீவேட்டைத் தாண்டாதபடி அவருடைய வேலையை மாற்றிக்கொடுப்பது பொறுப்பான நிலையங்களின் கடமை. என்னோடு வேலை செய்த பெண்கள் அந்த மாதங்களில் ஆவணங்களையும் தரச் சோதனை முறைகளையும் கவனித்துவிட்டு, பிள்ளை பிறந்தபின் திரும்பி வந்தார்கள். உங்கள் மகள் எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் முதல் நாளிலேயே இந்த நடைமுறை எழுத்தில் இருக்கிறதா என்று கேட்கவேண்டும். கேட்கத் தயங்கவைக்கும் இடத்தில் அவள் சேரக்கூடாது.

மூன்றாம் முறை எழுதுவதா என்ற கேள்விக்கு அவளுக்குப் பதிலாக நான் முடிவு சொல்ல முடியாது. ஆனால் என் எண்ணத்தை மறைக்கவும் விரும்பவில்லை. மருத்துவம் கிடைக்காத பிள்ளைக்கு ஆறுதலாக இந்தத் தொழிலைக் கொடுக்காதீர்கள். நோயாளியோடு பேசி, தொட்டுப் பார்த்து, குணமாவதைக் கண்ணால் காணவேண்டும் என்று அவளுக்கு ஆசை இருந்தால், அவள் மூன்றாம் முறையும் எழுதட்டும். இந்த வேலையில் நோயாளியின் முகத்தைப் பெரும்பாலும் பார்க்கமுடியாது. ஆனால் உயிரியல் பிரிவில் படித்த காலத்திலும் அவள் விரும்பி உட்கார்ந்து செய்தது சேதன இரசாயனக் கணக்குகளாக இருந்தால், ஒரு வருடத்தை மேலும் செலவழிப்பது அவளுக்கு இழப்பு. எங்கள் ஊரில் ஒரு பிள்ளை கெட்டிக்காரி என்றால் அவள் டொக்டராகத்தான் வரவேண்டும் என்று உறவினர் எல்லோரும் முடிவு செய்துவிடுகிறார்கள். அந்தப் பாரத்தை நானும் சுமந்தேன். அதை இறக்கிவைக்க எனக்கு உதவியவர் என் தகப்பனார். அந்த உதவியைத்தான் உங்களிடமும் கேட்கிறேன்.

படிப்பின் வழி இதுதான். பீடத்தில் இரசாயனவியலை முதன்மையாக வைத்து, நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்குத் தகுதி பெறவேண்டும். சேதனத் தொகுப்பு, சிக்கற் சேர்வைகள், பகுப்பாய்வு முறைகள் ஆகிய மூன்றும் அவளுடைய கையில் இறுக்கமாக இருக்கவேண்டும். கதிரைப் பற்றிய அறிவை பின்னர் ஒரு வருடத்தில் சேர்த்துக்கொள்ளலாம், இரசாயனத்தை அப்படிச் சேர்க்க முடியாது. பௌதிகவியலைக் கைவிட வேண்டாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அணுக்கரு விஞ்ஞானத் துறை இருக்கிறது. அங்கு முதுமாணிப் படிப்புக்கு வழி உண்டு. இலங்கை 1957 முதல் சர்வதேச அணுசக்தி முகவராண்மையின் உறுப்பு நாடு. அணுத்துறைகளில் முதுமாணி படிக்கும் பெண்களுக்காக அந்த முகவராண்மை 2020 இல் மேரி கியூரியின் பெயரில் ஒரு புலமைப்பரிசிலைத் தொடங்கியது. அவள் பட்டம் முடிக்கும் ஆண்டில் அதைப் பார்த்துக்கொள்ளவேண்டும். மருந்தை உருவாக்கும் ஆராய்ச்சியில் தன் பெயரில் ஒரு பணியை நடத்தவேண்டுமானால் கலாநிதிப் பட்டம் தேவை, அது இன்றைய நிலையில் வெளிநாட்டில்தான். எல்லாம் சேர்த்து இன்றிலிருந்து ஒன்பது, பத்து வருடங்கள். இன்னொன்று: ஆங்கிலத்தில் தெளிவாக எழுதப் பழகவேண்டும். ஒவ்வொரு தொகுதிக்கும் பக்கம் பக்கமாகப் பதிவு உண்டு. அதில் எழுதப்படாதது நடக்காததாகவே கருதப்படும்.

ஊருக்குத் திரும்புவதைப் பற்றிய கேள்வியே எனக்குக் கடினமானது, ஏனென்றால் நான் ஓய்வு பெற்ற பின்னரே திரும்பினேன். அவளுக்கென்று ஒரு வேலை யாழ்ப்பாணத்தில் காத்திருக்கும் என்று என்னால் உறுதி சொல்லமுடியாது. ஆனால் என் காலத்துக்கும் அவள் காலத்துக்கும் இடையில் இந்தத் துறை தூரத்து ஊர்களின் பக்கமாகத் திரும்பியிருக்கிறது. கலியம்-68 இன் அரைவாழ்வு 68 நிமிடமே. ஆனால் அதைத் தரும் ஜேர்மேனியம்-68 க்கு 271 நாள் அரைவாழ்வு. ஒரு முறை வாங்கிவைத்த குழாயிலிருந்து ஏறத்தாழ ஒரு வருடம் நாள்தோறும் கறக்கலாம். பக்கத்தில் சைக்கிளோத்திரன் தேவையில்லை. ஜேர்மனியின் ஹைடெல்பேர்க்கில் உருவான, புரொஸ்டேட் புற்றுக் கலத்தில் இருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப்போய் அந்த நோயைக் காட்டும் கலியம்-68 மருந்துக்கு 2020 டிசெம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதே புரதத்தைத் தேடும் மூலக்கூறில் கலியத்துக்குப் பதிலாக லூட்டீசியம்-177 ஐ வைத்தால், அது படம் காட்டுவதோடு நிற்காமல் புற்றுக் கலத்தைச் சிதைக்கிறது. அதற்கு 2022 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. முதலில் கலியத்தால் பார்த்து, மருந்து அந்த இடத்துக்குப் போகிறது என்று உறுதி செய்து, பின்னர் லூட்டீசியத்தால் சிகிச்சை செய்யலாம்.

குழாயில் கறக்கும் கலியத்தை நாள்தோறும் மூலக்கூறோடு பிணைத்து, சோதித்து, கையெழுத்திட ஒருவர் வேண்டும். அந்த வேலையை இயந்திரத்தோடு சேர்த்துப் பெட்டியில் வைத்து அனுப்பமுடியாது. லூட்டீசியம்-177 இன் அரைவாழ்வு 6.65 நாள். ஐரோப்பாவின் ஓர் அணு உலையிலிருந்து புறப்பட்டு மூன்று நாள் கழித்து அது பலாலியில் வந்து இறங்கினாலும் நூற்றுக்கு 73 பங்கு மிஞ்சியிருக்கும். இந்தக் கணக்கை உங்கள் மகளே செய்து பார்க்கட்டும். இதற்கு வேண்டிய சமன்பாடு அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது.